நம் வட்டாரத்தில் கடனும் கணக்கும்

ஜூபிலி என்னும் சொல்லை நாம் இன்று விழா என்ற பொருளிலேயே வழங்கி வருகிறோம். கொடியேற்றம், தேர்பவனி, விருந்து, மலர் வெளியீடு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய ஏற்பாட்டில் ஜூபிலி என்பது கணக்குத் தீர்க்கும் ஆண்டாகும். லேவியராகமம் 25-ம் அதிகாரத்தின்படி, ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கியதும், வறுமையால் விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். கடனுக்காகத் தன்னையே விற்றவன் விடுதலை பெற வேண்டும். உபாகமம் 15-ம் அதிகாரம் ஏழாண்டுக்கு ஒரு முறை கடன் விடுதலையைக் கட்டளையிடுகிறது. வயலையும் வீட்டையும் ஈடு வைத்த ஏழைகள் முறையிட்டபோது, நெகேமியா கடன் கொடுத்தவர்களைக் கூட்டி, நூற்றில் ஒரு பங்காக வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். எனவே பங்கின் ஜூபிலி மலரில் வீட்டுக் கடனைப் பற்றி எழுதுவது பொருத்தமற்ற செயலன்று.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கடன் வந்த வழிகளையும், அதை அடக்க எடுத்த முயற்சிகளையும் இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம். அரசர், ஆங்கிலேயர், மந்திரிசபைகள், வங்கிகள் எனப் பலர் இதில் கை வைத்திருக்கின்றனர். எனினும் வரலாறு காட்டும் உண்மை ஒன்றே. தள்ளுபடி கடனை அழித்தது. ஆனால் கணக்கு ஒன்றே கடனை அடக்கியது.

மண்ணும் வருமானமும்

1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001-ல் பிரிக்கப்பட்ட அரியலூர் மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007-ல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் இரண்டும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகளே. பெரம்பலூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை அதன் விளைச்சல். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காடுகள். கொள்ளிடக் கரையில் மட்டும் நெல்வயல்.

இப்பயிர்கள் அனைத்தும் ஆண்டில் ஓரிரு முறையே காசு தருவன. செலவோ நாள்தோறும் வருவது. மழை பொய்த்த ஆண்டில் அந்த ஓரிரு முறையும் இல்லை. ஆகவே நம் முன்னோர் ஊதாரிகளாயிருந்து கடன்பட்டனர் என்பது சரியன்று. வரவு வரும் நாளும் செலவு வரும் நாளும் வெவ்வேறாயிருந்ததே கடனின் வேர். சுண்ணாம்புக் கல்லை நம்பிச் சிமெண்டு ஆலைகள் எழுந்து, அரியலூரில் 1979-ல் அரசு ஆலையும் வந்தபின், பல வீடுகள் மாதச் சம்பளம் கண்டன. ஆனால் மளிகைக் கடையில் "கடன் அன்பை முறிக்கும்" என்ற பலகைக்குக் கீழேயே பற்று நோட்டும் தொங்கியதை நாம் அறிவோம்.

கல்லில் வெட்டிய கணக்கு

கடனைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று நமக்கு அருகிலேயே உள்ளது. நம் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திரனின் தந்தை முதலாம் இராசராசன், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பணம் ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குத் தரப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி எனக் கல்வெட்டுகள் கூறும். அதாவது 100-க்கு ஆண்டுக்கு 12½. நம் பேச்சு வழக்கில் மாதம் ஒரு வட்டிக்குச் சற்று மேல். யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார், வட்டி என்ன என்பதெல்லாம் எல்லோரும் காணக் கல்லில் வெட்டப்பட்டிருந்தன.

இவ்வெளிப்படைத் தன்மை பிற்காலத்தில் மறைந்தது. வெள்ளைத் தாளில் கைநாட்டு, வாய்ப்பேச்சில் வட்டி, அடகில் தாலி என்ற நிலை வந்தது. கணக்கு கடன் கொடுத்தவர் கையில் மட்டும் இருந்தது.

பங்கின் அளவில் ஒரு வங்கி

ஐரோப்பாவிலும் இதே துன்பம் இருந்தது. 1462-ல் இத்தாலியின் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் முயற்சியால், ஏழைகளுக்கு மிகக் குறைந்த வட்டியில் அடகின்பேரில் கடன் தரும் நிதிச்சாலை எழுந்தது. 1745-ல் பாப்பரசர் 14-ம் ஆசீர்வாதப்பர் வட்டியைக் கண்டித்து நிருபம் விடுத்தார். 1891-ல் 13-ம் சிங்கராயர் தொழிலாளர் பற்றிய தம் நிருபத்தில் கொடுவட்டி புது உருவங்களில் திரும்பி வருவதைச் சுட்டிக் காட்டினார்.

ஆனால் கண்டனம் மட்டும் கடனைத் தீர்ப்பதில்லை. ஜெர்மனியில் ஊர்த்தலைவராயிருந்த ரைபைசன் என்பவர் 1864-ல் ஹெடஸ்டார்பு என்னும் ஊரில் கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். அவர் வகுத்த விதிகள் எளியவை. சங்கத்தின் எல்லை ஒரு பங்கின் அளவுக்கு மேற்படலாகாது; ஏனெனில் உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். கடன் எதற்கு என்பதைச் சொல்லியே வாங்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோரும் பொறுப்பு.

சென்னை மாகாண அரசு விவசாயக் கடனை ஆராயும்படி பிரெடரிக் நிக்கல்சனைப் பணித்தது. 1895-லும் 1897-லும் வெளிவந்த அவர் அறிக்கையின் சாரம், இந்நாட்டிலும் ரைபைசன் போன்றோரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூர் அருகே திரூரில் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் தோன்றியது. நம் ஊர்களில் உரத்துக்கும் நகைக்கும் கடன் தரும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் அதன் வழி வந்தவை.

இதே காலத்தில் திருச்சபை செய்த பணியும் நினைக்கத்தக்கது. கனடாவின் லெவி நகரில் அல்போன்ஸ் டெஜார்தேன் என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் 1900-ல் மக்கள் சேமிப்பு நிதியைத் தொடங்கினார். அவரும் பங்கையே அளவாகக் கொண்டார். வட இந்தியாவின் சோட்டா நாகபுரியில், வட்டிக்காரரிடம் நிலம் இழந்து நின்ற முண்டா, உராவோன் மக்களுக்காகச் சேசு சபைக் குரு ஜான் ஹாப்மன் சுவாமி 1909-ல் கூட்டுறவுக் கடன் சங்கம் நிறுவினார். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் என்பதால் அவர் நாடு கடத்தப்பட்டார். சங்கமோ நிலைத்து நூற்றாண்டு கடந்தது.

சட்டங்களும் தள்ளுபடிகளும்

1930-களில் விளைபொருள் விலை படுவீழ்ச்சி அடைந்து, பழைய கடன்கள் விவசாயியின் கழுத்தை நெரித்தன. இராஜாஜி மந்திரிசபை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் நீங்கிற்று. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. எத்துணைப் பெரிய உதவி! ஆனால் இருமடங்கு செலுத்தியதைக் காட்ட ரசீது வேண்டுமல்லவா? வரவு வைத்த நோட்டு வட்டிக்காரர் பெட்டியிலேயே இருந்தால் ஏழை எதைக் காட்டுவான்? சட்டமும் கணக்கு வைத்திருந்தவனுக்கே முழுப் பயன் தரும்.

1951-52-ல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின் முடிவு 1954-ல் வெளிவந்தது. விவசாயி வாங்கிய 100 ரூபாயில் கூட்டுறவுச் சங்கம் தந்தது சுமார் 3 ரூபாய். வட்டிக்காரர் தந்தது சுமார் 70 ரூபாய். பின்னர் 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 2003-ல் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழக அரசு சட்டத்தால் தடை செய்தது. 2006-ல் 6,866 கோடி ரூபாயும், 2021-ல் 12,110 கோடி ரூபாயும் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆயின. இவற்றால் உயிர் பிழைத்த குடும்பங்கள் உண்டு. நாம் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் தள்ளுபடி சங்கக் கடனுக்கே உரியது. பெண்ணின் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வெளியில் வாங்கிய கடன் அப்படியே நின்றது.

பெண்கள் திறந்த நோட்டு

மாறுதல் வந்தது பெண்கள் மூலம். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. 1997 முதல் மகளிர் திட்டம் மாநிலம் எங்கும் பரவி நம் ஊர்களுக்கும் வந்தது.

இக்குழுக்களின் ஐந்து விதிகள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தங்களுக்குள் கடன், தவறாத தவணை, ஒழுங்கான கணக்கு. ரைபைசன் விதிகளே சேலை கட்டி வந்தன எனலாம். எத்தனையோ வீடுகளில் அக்காமார் கையில் முதன்முதலாக ஒரு பாஸ் புத்தகம் வந்தது. கடன் எதற்கு என்பதைப் பத்துப் பேர் முன் சொல்ல வேண்டியிருந்ததால் வீண் கடன் குறைந்தது.

ஆனால் குழு என்ற பெயரிலேயே வேறொன்றும் வந்தது. நுண்கடன் நிறுவனங்கள் சேமிப்பும் கூட்டமும் இல்லாமல், ஒருவருக்கொருவர் ஜாமீன் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர் அவள் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு நிறுவனத்தின் தவணைக்கு மற்றொன்றில் வாங்குவதும் தொடர்ந்தது. 2022-ல் ரிசர்வ் வங்கி விதித்த நெறிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் தரலாகாது. இவ்விதி நம் வீட்டைக் காக்க வேண்டுமானால், மொத்தத் தவணை எவ்வளவு என்பது முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

அட்டையில் வந்த மூன்றரை வட்டி

1950-ல் அமெரிக்காவில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது. இந்தியாவில் 1980-ல் சென்ட்ரல் வங்கி கடன் அட்டை வெளியிட்டது. பெரு நகரத்துப் பொருளாயிருந்த கிரெடிட் கார்டு இன்று சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளின் பையில் இருக்கிறது.

குறித்த நாளில் முழுத் தொகையும் கட்டுபவருக்கு அது நல்ல வேலைக்காரன். கட்டாதவருக்கோ? பல அட்டைகளின் வட்டி மாதம் 3½ சதவீதம் அளவில் உள்ளது. நம் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. ஊரில் ஒருவர் மூன்றரை வட்டி கேட்டால் நாம் வாசல் படியிலிருந்தே திரும்பிவிடுவோம். ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டுத் தந்தால் கையொப்பம் இடுகிறோம்.

ரூ.10,000 பாக்கி என்று கொள்வோம். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது ரூ.500 கட்டினால் போதும் என்று சீட்டு வரும். ஆனால் அம்மாத வட்டி ரூ.350, வட்டியின் மேல் 18 சதவீத வரி ரூ.63. ஆக 500 கட்டியும் அசலில் குறைவது ரூ.87 மட்டுமே. மேலும் பாக்கி நிற்கும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். தாமதக் கட்டணம் வேறு. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தால் நமக்கு உரியவரான வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில், மாட்டை வாடகைக்கு விட்டவன் ஏறிப் போனதற்கு ஒரு கூலி, வெயிலுக்கு அதன் நிழலில் இருந்ததற்கு மற்றொரு கூலி என்று வழக்காடுவான். இன்றைய பட்டியல்களைப் படிக்கும்போது அவன் நினைவே வருகிறது.

அட்டை வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் கூறிய தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே வெளியிலிருந்து வரம்பு வரும் என்று காத்திருப்பது பயனற்றது.

மொய் நோட்டு நமக்குக் கற்பிப்பது

நமக்குக் கணக்கு வராது என்று எவரும் சொல்ல வேண்டாம். நம் வீடுகளில் மொய் நோட்டு இல்லாத வீடு எது? காதுகுத்துக்கு மாமன் வைத்தது எவ்வளவு, நாம் திருப்பிச் செய்தது எவ்வளவு என்பது இருபது ஆண்டு கழித்தும் ரூபாய் பிசகாமல் இருக்கும். பிறர் வீட்டுக்கு நாம் பட்ட கடனை இவ்வளவு நேர்மையாக எழுதும் நாம், நம் வீட்டு மொத்தக் கடனை எழுதுவதில்லை. கணவன் வாங்கியது மனைவிக்குத் தெரியாது. மகன் அட்டை தந்தைக்குத் தெரியாது.

ஆகவே ஜூபிலியின் நினைவாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் போடுவோம். சங்கக் கடன், நகை அடகு, குழுத் தவணை, தண்டல், அட்டை, கடைப்பற்று அனைத்தையும் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதம் நூற்றுக்கு எத்தனை வட்டி என்று நம் வழக்கிலேயே குறிக்கட்டும். 100 நாளில் நாள் நூறாக 10,000 கட்டச் சொல்லி 8,500 கையில் தரும் தண்டல், ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டுவது அப்போது விளங்கும். அதிக வட்டியை முதலில் அடைப்பதும், பாக்கி தீரும்வரை அட்டையைப் பெட்டியில் வைப்பதும், வங்கியையே நாடி அட்டைப் பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றுவதும், வேண்டுமானால் கூட்டுறவு நகைக்கடனால் மூன்றரை வட்டியை அடைப்பதும் நடக்கக்கூடியவையே. வசூலுக்கு வருவோர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் அதன் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். மானத்துக்கு அஞ்சி யாரும் உயிரை வெறுக்க வேண்டியதில்லை.

ரைபைசனும் டெஜார்தேனும் பங்கை அளவாக எடுத்ததற்குக் காரணம், அங்கே ஒருவர் துன்பம் மற்றவர் கண்ணுக்குத் தப்பாது என்பதே. நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் மாதாசபையும் இப்பணியை மேற்கொள்ளலாம். கடன்பட்ட குடும்பத்தை இகழாமல், நோட்டை உடன் இருந்து எழுதித் தரும் இருவர் ஒவ்வொரு தெருவிலும் முன்வந்தால், நம் பங்கு ஜூபிலியை அதன் முதற் பொருளிலேயே கொண்டாடியதாகும்.