கொதிகலனை வாசித்தவர்கள்

நீராவி எஞ்சினில் நெருப்பு எரியும் அறையைப் பணிமனையில் ‘பயர்பாக்ஸ்’ என்பார்கள். உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவே கொதிநீர். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்யும் பாய்லரில், அந்தத் தகட்டின் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 13 டன் பாரம் நெருக்குகிறது. தட்டையான தகடு அதைத் தனியே தாங்காது. ஆகவே இரு தகடுகளையும் சில அங்குல இடைவெளியில் நூற்றுக்கணக்கான குறுந்தண்டுகளால் பிணைத்திருப்பார்கள். அந்தத் தண்டுக்குப் பெயர் ‘ஸ்டே’. சில பாய்லர்களில் ஸ்டேயின் முனையிலிருந்து நடு அச்சில் மெல்லிய துளை ஒன்று இட்டிருப்பார்கள். ஸ்டே உள்ளே முறிந்தால் அந்தத் துளை வழியே நீர் கசிந்து சேதி சொல்லிவிடும். துளை இல்லாத இடத்தில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல ஸ்டே கணீரென்னும். முறிந்தது மந்தமாக ஒலிக்கும். இந்தச் சோதனைக்குச் சுத்தியலும் பழகிய காதும் போதும். சுத்தியலைக் கடையில் வாங்கலாம். பழகிய காது எந்த வரைபடத்திலும் கிடைக்காது.

பழைய எஞ்சின்களை மீண்டும் ஓட வைத்த கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காதுதான் நினைவுக்கு வருகிறது. மீட்கப்பட்ட எஞ்சின்களை எண்ணிப் பட்டியல் போடுகிறோம். அவற்றோடு மீண்ட கைத்திறனை யாரும் எண்ணுவதில்லை. ஆர்வலரின் பொறுமையும் பணிமனைக்காரரின் பழக்கமும் கூடிய இடத்தில் எஞ்சின் ஓடியது; கூடாத இடத்தில் ஆபத்து வந்தது. இக்கட்டுரை அந்தக் கூட்டைப் பற்றியது.

தொடக்கம் வேல்ஸில். அதன் மேற்குக் கரையில் உள்ள டவின் என்ற ஊரிலிருந்து மலையடிவாரக் கற்பலகைச் சுரங்கத்தை நோக்கி 1865-இல் எழுந்தது டாலிலின் ரயில்பாதை. தண்டவாள இடைவெளி இரண்டடி மூன்று அங்குலம்தான். 1940-களின் பிற்பகுதியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் தம் வாழ்நாள் வரை ரயிலை நிறுத்தவில்லை. 1950 ஜூலையில் அவர் மறைந்தார். அந்த அக்டோபரில் பர்மிங்ஹாம் நகர ஓட்டல் ஒன்றில் ஆர்வலர்கள் கூடி, பாதையைத் தாங்களே ஏற்று நடத்த முன்வந்தனர். முன்னின்றவர் டாம் ரோல்ட். அவரை எழுத்தாளராகவே பலர் அறிவர். ஆனால் அவர் ஸ்டோக் நகரில் கெர் ஸ்டூவர்ட் எஞ்சின் தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற பொறியாளரும்கூட. 1951 மே 14 அன்று தொண்டர்கள் நடத்திய முதல் ரயில் அங்கே புறப்பட்டது. உலகில் ஆர்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய முதல் ரயில்பாதை அதுவே.

அப்போது அவர்கள் கையில் இருந்தவை 1860-களில் செய்த இரண்டே எஞ்சின்கள். அவற்றில் ‘டோல்கோக்’ மட்டும் ஒருவாறு ஓடும் நிலையில் இருந்தது. 1948-இல் மூடப்பட்ட பக்கத்துக் காரிஸ் பாதை அதே அகலமுடையது என்பதால், அதன் இரு எஞ்சின்களை வாங்கினார்கள். வந்தவற்றில் ஒன்றின் சக்கரப் பட்டை குறுகலானது. டாலிலின் தண்டவாளமோ குறித்த அளவைவிடச் சற்று அகன்றிருந்தது. எஞ்சின் தடம் இறங்கிவிடும். மற்றொன்றை லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் எஞ்சின் கம்பெனி காசு வாங்காமல் பழுதுபார்த்துக் கொடுத்தது. இந்தச் செய்தியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வார இறுதியில் வந்து புல் வெட்டி, கட்டை மாற்றி, டிக்கெட் கிழித்த தொண்டர்களால் பாதையைக் காக்க முடிந்தது. பாய்லரைத் திறந்தபோது தொழிற்சாலையின் கை தேவைப்பட்டது.

பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்ட் 11 அன்று தன் முதன்மைப் பாதைகளில் கடைசி நீராவிப் பயணத்தை முடித்துக்கொண்டது. எஞ்சின்கள் பழைய இரும்புக்கு விற்கப்பட்டன. தெற்கு வேல்ஸின் பாரி துறைமுகத்தில் உட்ஹாம் சகோதரர்களின் இரும்புக் கிடங்கு இருந்தது. அங்கே வந்து சேர்ந்த எஞ்சின்கள் ஏறத்தாழ 300. கிடங்குக்காரர் டாய் உட்ஹாம் முதலில் சரக்கு வேகன்களை உடைக்கத் தொடங்கினார். அது எளிது, லாபமும் சுருக்காக வரும். எஞ்சின்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையாக நிறுத்தி வைத்தார். அந்தத் தாமதம் பெரும் வரமாயிற்று. 1968 முதல் 1990 வரை 213 எஞ்சின்களை ஆர்வலர் குழுக்கள் ஒவ்வொன்றாக விலைகொடுத்து மீட்டன. கடற்காற்றில் துருவேறி, பித்தளையும் செம்பும் உரிக்கப்பட்டு நின்ற அந்த இரும்பு எலும்புக்கூடுகளை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக் கொண்டுபோனவர்களில் எழுத்தர்களும் ஆசிரியர்களும் இருந்தனர். ரிவெட் அடிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. ஓய்வுபெற்ற பணிமனைக்காரர்களிடம் அவர்கள் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. செந்தணலில் காய்ச்சிய ரிவெட்டைத் துளையில் செருகி, ஒருவர் பின்னிருந்து கனத்த இரும்பால் முட்டுக்கொடுக்க, மற்றவர் அது ஆறுமுன் தலை அடிக்க வேண்டும். தாங்கியில் ‘ஒயிட் மெட்டல்’ என்னும் மென்கலப்பு உலோகத்தை உருக்கி வார்த்து, நீலச் சாயம் பூசி, அச்சு எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுரண்ட வேண்டும். புத்தகம் இவற்றின் வரிசையைச் சொல்லும். எப்போது நிறுத்துவது என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும்.

பாரியிலிருந்து மீண்டவற்றுள் என் மனத்தில் முதலிடம் 71000 எண்ணுள்ள ‘டியூக் ஆஃப் க்ளோஸ்டர்’ எஞ்சினுக்கு. 1952 அக்டோபர் 8 அன்று ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் நிலையத்தில் நேர்ந்த கோர விபத்தில் ஒரு விரைவு எஞ்சின் அழிந்தது. அதற்கு ஈடாகக் குரூ பணிமனையில் 1954-இல் இது கட்டப்பட்டது. இந்த வகையில் செய்தது இது ஒன்றே. மூன்று சிலிண்டர்கள், மோட்டார் கார் எஞ்சினைப்போல் கேம் தண்டால் திறந்து மூடும் காப்ரோட்டி வால்வுகள். காகிதத்தில் அற்புதம். ஓட்டத்திலோ நீராவி போதாது, நிலக்கரியை விழுங்கும் என்ற கெட்ட பெயர். எட்டே ஆண்டில், 1962-இல், பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். வெளிப்புறச் சிலிண்டர்கள் இரண்டையும் கழற்றினார்கள். அவற்றில் ஒன்று காட்சிப் பொருளாக லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மிச்ச உடல் பாரியில் கிடந்தது.

நம் ஏட்டுச்சுவடி வரலாறு அறிந்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்காதபோது உ.வே.சாமிநாதையர் எதையும் இட்டு நிரப்பவில்லை. கிடைத்த எட்டுப் பத்துகளையே பதிப்பித்தார். பதிப்பாசிரியரின் நேர்மை அது. எஞ்சினைப் புதுப்பிப்பவருக்கு அந்த வழி இல்லை. ஏடு குறைந்தாலும் நூலைப் படிக்கலாம்; சிலிண்டர் குறைந்தால் எஞ்சின் நகராது. விடுபட்டதை அவர் செய்தே தீர வேண்டும். அதுவும் மூலத்துக்கு மாறாமல். 1974-இல் இந்த எஞ்சினை வாங்கிய சிறு குழு வரைபடங்களைத் தேடி எடுத்து, சிலிண்டர்களைப் புதிதாக வார்ப்பித்து, காப்ரோட்டி வால்வு அமைப்பை அடியிலிருந்து செய்வித்தது. 1986-இல் அது மீண்டும் நீராவி கண்டது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு.

ஆனால் கதையின் சிறப்பு வேறு. வரைபடத்தையும் இரும்பையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. நெருப்புக்குக் காற்று விடும் சாம்பல் தட்டின் வாயில்கள் வரைபடத்தில் கண்ட அளவைவிடச் சிறியவையாகச் செய்யப்பட்டிருந்தன. புகைபோக்கி அமைப்பும் அந்த எஞ்சினின் அளவுக்குப் போதவில்லை. இவ்வளவு பெரிய நெருப்பு அத்தனை காலமும் மூச்சுத்திணறியே எரிந்திருக்கிறது! குறைகளைச் சரிசெய்தபின் அதே எஞ்சின், கெட்ட பெயர் வாங்கிய அதே எஞ்சின், முதன்மைப் பாதையின் கடும் ஏற்றங்களில் கனத்த ரயில்களை இழுத்து வியக்க வைத்தது. கட்டிய பணிமனை செய்த பிழையை முப்பது ஆண்டுக்குப் பிறகு சிலர் ஒவ்வொரு பாகமாக அளந்து கண்டுபிடித்தார்கள். எழுத்துப்பிழையைத் திருத்தி மூலபாடத்தை நிறுவிய பதிப்பு என்றே இதைச் சொல்வேன். அன்றாடம் ரயில் ஓட்ட வேண்டிய நெருக்கடியில் இருந்தவர்களுக்கு இப்படி உட்கார்ந்து அளக்க நேரம் இருந்ததில்லை. ஆர்வலர் கொண்டுவந்த பெரும்பொருள் இந்த நேரம்தான். ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிடிவாதமும் அதோடு வந்தது.

பிடிவாதம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயில்பாதையில், 1995 ஜூன் 16 அன்று 1278 எண் எஞ்சினின் பயர்பாக்ஸ் வெடித்தது. மூவர் காயமடைந்தனர். பயர்பாக்ஸின் உச்சித் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் தகடு சூடேறி இளகிப் பிய்ந்துவிடும். அன்று நடந்தது அதுவே. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் வழி உப்புப்படிவத்தால் அடைபட்டிருந்ததைக் கண்டது. இயக்கியவர்களின் பயிற்சிக் குறையையும் சுட்டியது. பாய்லரைக் கட்டியவர்கள் உச்சித் தகட்டின் ஸ்டேக்களை அமைத்த விதத்தால் தகடு ஒரேயடியாகக் கிழியாமல் படிப்படியாகச் சரிந்தது; பெருஞ்சேதம் தவிர்ந்தது. அந்தப் பழைய பாய்லர்காரர்களின் முன்யோசனை, அவர்களை அறியாத மூவரின் உயிரைக் காத்திருக்கிறது. 1999-இல் அமெரிக்கா தன் நீராவி எஞ்சின் விதிகளைப் புதுப்பித்தது. 1,472 பணிநாட்கள் அல்லது 15 ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது பாய்லரை முழுதாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

புதுப்பித்த பாய்லரை முதலில் நீராவியால் சோதிக்காமல் தண்ணீரால் சோதிப்பதன் காரணமும் இங்கே விளங்கும். தண்ணீர் அழுத்தினால் சுருங்காது. வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்க்கும்போது தகடு விட்டால் நீர் பீச்சும், அழுத்தம் சட்டென விழும், அவ்வளவுதான். நீராவி அப்படியன்று. கொதிநீர் கட்டவிழ்ந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். முதல் நெருப்பை மூட்டும்போதும் அவசரம் கூடாது. செம்பும் எஃகும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் குளிர்ந்த பாய்லரை மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். பழைய பயர்மேன்கள் அதிகாலை ஓட்டத்துக்கு முந்தின நாளே நெருப்பிட்டது இதனால்தான்.

நம் நாட்டில் இவ்வேலை பெரும்பாலும் ரயில்வே பணிமனைத் தொழிலாளர் கையிலேயே இருந்துவருகிறது. லீட்ஸில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹியூவிட்சன் கம்பெனி 1855-இல் செய்த ‘ஈ.ஐ.ஆர். 21’ எஞ்சின், ஒரு நூற்றாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. அதைப் பெரம்பூர் லோகோ பணிமனை எடுத்துப் புதுப்பித்து, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஓட்டிக் காட்டியது. அதன் உடன்பிறப்பான ‘ஃபேரி குவீன்’, வழக்கமாக ஓடும் எஞ்சின்களில் உலகிலேயே பழமையானது என்று 1998-இல் கின்னஸ் சான்று பெற்றது. பின்னாளில் பாகங்கள் களவுபோய்க் கிடந்த அந்த எஞ்சினும் பெரம்பூருக்கு வந்து, இல்லாதவற்றைப் புதிதாகச் செய்து சேர்த்துக்கொண்டு திரும்பியது. இன்றைய பாதையில் ஓட வேண்டுமென்றால் 1855-இன் பிரேக் போதாது. புதியது பொருத்தித்தான் ஆக வேண்டும். இது மூலத்துக்குக் கேடு என்று சிலர் வருந்துவார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்ததை நாம் தேரின் பழமைக்குக் குறையென்று சொல்வதில்லை. தேர் ஓட வேண்டும், ஆள் நசுங்கக் கூடாது. எஞ்சினுக்கும் அதே நியாயம்தான்.

பிரிட்டனில் 1968-இல் அறுந்த இழையை ஆர்வலர்கள் முடிச்சிட்டுச் சேர்த்தார்கள். இந்தியாவில் அகலப்பாதை நீராவி ஓட்டம் 1995 டிசம்பரில் முடிந்தது. ஆனால் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே, 12 அடிக்கு ஓர் அடி உயரும் பற்சக்கரப் பாதையில் நீராவி நின்றுவிடவில்லை. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த நான்கு சிலிண்டர் ‘எக்ஸ்’ வகை எஞ்சின்களைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள் இருந்ததால்தான், திருச்சி பொன்மலைப் பணிமனையால் 2011 முதல் அவ்வகையில் புதிய எஞ்சின்களையே கட்ட முடிந்தது. இரண்டு சிலிண்டர் தண்டவாளச் சக்கரத்துக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு; சமவெளியில் இரண்டு மட்டும், ஏற்றத்தில் நான்கும் சேர்ந்து உழைக்கும். இப்படிப்பட்ட எஞ்சினை இந்த நூற்றாண்டில் கட்டிய பணிமனைகள் உலகில் மிகச் சில. அதைக் கட்டிய பிட்டர், வெல்டர், பாய்லர்காரர் பெயர்களை ஒரு நூலில் தொகுத்து வைத்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ரயில்வே குடும்பத்தினராக இருப்பீர்கள். பெரம்பூரிலோ பொன்மலையிலோ, ஏதேனும் லோகோ ஷெட்டிலோ நீராவி எஞ்சினில் வேலை பார்த்த பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அவர் அருகில் உட்காருங்கள். எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள், ஒயிட் மெட்டல் எப்போது வார்ப்புக்குத் தயாராகும், ஸ்டே முறிந்ததை எப்படிக் கண்டுகொண்டார் என்று கேளுங்கள். அவர் பேசுவதைப் பேச்சு மாறாமல் பதிவுசெய்து, அவர் வேலை பார்த்த பணிமனைக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.