ஐந்தொகை நேரானால் போதுமா?

சிறு வியாபாரிகள் ஏன் நொடித்துப் போகிறார்கள் என்று கேட்டால், "கணக்கு ஒழுங்கா வைக்கலீங்க" என்ற பதில்தான் முதலில் வரும். ஆனால் நம் பக்கத்து வணிக வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு கதை இருக்கிறது. நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று காசுக்குக் காசு கணக்கு எழுதியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்கள்தான் பர்மாவில், ஒரு தலைமுறைக் காலத்துக்குள், தங்கள் முதலின் பெரும்பகுதியை இழந்தார்கள். கூட்டல் கழித்தலில் பிழை வந்து அப்படி ஆகவில்லை. கணக்குப் புத்தகத்துக்கு வெளியே, தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட சில சமாதானங்கள்தான் அவர்களை ஏமாற்றின.

'செட்டியார்' என்றதும் பெரிய மாளிகைகள் கண்ணில் வந்து நிற்கும். கடைகளோ சின்னவை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், கோலாலம்பூர் லெபோ அம்பாங் போன்ற தெருக்களில் ஒரே கிட்டங்கியில் பல கடைகள் இருந்தன. ஒரு சாய்வு மேசை, ஒரு மரப்பெட்டி, உட்காரப் பாய். அவ்வளவுதான் ஒரு கடை. ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே கடையை நடத்துபவர் ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்று வருஷத் தவணை. அது முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார், அடுத்தவர் கப்பல் ஏறுவார்.

இந்த முறை பர்மாவில்தான் மிகப் பெரிதாக வளர்ந்தது. 1930 வாக்கில் அங்கே ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. 1929-30இல் விசாரித்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அவற்றில் புரண்ட முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு கீழ்ப்பர்மாவின் நெல் விவசாயிகளுக்குக் கடனாகப் போயிருந்தது.

இவ்வளவு வளர்ச்சிக்கும் காரணம் என்ன? சிக்கனம், நாணயம், உழைப்பு, முருகன் அருள் என்பது அவர்கள் தரப்புப் பதில். பொய் இல்லை, ஆனால் பாதிதான். 1852இல் பிரிட்டிஷார் கீழ்ப்பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்குப் போகும் வழி குறுகியது. நெல்லுக்குச் சந்தை விரிந்தது, காடு வெட்டி நிலமாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. நிலத்தை அடமானம் பிடிக்கவும், கடன் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போய் வாங்கவும் காலனியச் சட்டம் வழி செய்தது. காற்று பின்னாலிருந்து வீசியபோது கிடைத்த வேகத்தை முழுக்கத் தன் துடுப்பின் வேகம் என்று எண்ணுவதுதான் முதல் ஏமாற்று. காற்று திரும்பும்போது என்ன செய்வது என்று அப்படி எண்ணுபவர் யோசிப்பதில்லை.

இரண்டாவது ஏமாற்று கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. ஒரு விவசாயி வட்டி கட்டவில்லை. வட்டியை அசலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதினால், பேரேட்டில் அந்தக் கடன் பெருகித்தான் தெரியும். ஐந்தொகை நேராகும். மூன்று வருஷத்தில் ஊர் திரும்ப வேண்டிய ஏஜெண்டுக்கு 'வராக்கடன்' என்று எழுதுவதைவிடப் புதுப்பித்து எழுதுவது சுலபம். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கும் அந்தப் பெருகிய தொகையைப் படிப்பதுதான் இனிப்பு. ஏஜெண்டு திருடினார் என்று சொல்லவில்லை. அந்தச் சமூகத்தில் நாணயம் போனால் வாழ்க்கையே போச்சு. ஆனால் யாரும் பொய் எழுதாமலேயே, மேலாளும் முதலாளியும் சேர்ந்து ஒரு பொய்யை நம்ப முடியும். இந்த அமைப்பில் அதற்கு இடம் இருந்தது.

1930இல் காற்று திரும்பியது. உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மா நெல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை, நிலம் கடன்காரர் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவிகித நிலம். 1937இல் அது 25 சதவிகிதம். ஏழே வருஷத்தில் நான்கு மடங்கு!

இந்த எண்ணை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது பெரிய வளர்ச்சி. உண்மையில் அது திரும்பி வராத கடனின் இன்னொரு பெயர். "நாங்க வட்டித் தொழில் செய்யறவங்க, நிலம் எங்களுக்கு வேண்டாம்" என்பதுதான் செட்டியார்களின் நிலைப்பாடு. அவர்கள் நிலத்தை விரும்பவில்லை என்பது நம்பக்கூடியதே. ஆனால் அன்று விழுந்து கிடந்த விலைக்கு விற்றால் நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். விலை ஏறட்டும், அப்புறம் பார்ப்போம் என்று வைத்துக்கொண்டால் நஷ்டம் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். சொந்த நிலத்தில் குத்தகைக்காரனாகிப் போன பர்மியனுக்கோ இந்த நுணுக்கமெல்லாம் தெரியத் தேவையில்லை. தன் வயல் யார் பேரில் இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அவன் கோபம் எங்கே போய் முடியும் என்று எந்தப் பேரேட்டிலும் ஒரு பத்தி கிடையாது.

மூன்றாவது ஏமாற்று, "சட்டம் நம்ம பக்கம்." இது உடையும் என்பதற்கு மலாயாவிலேயே முன்னுதாரணம் இருந்தது. ரப்பர் விலை உச்சத்துக்குப் போன காலத்தில் மலாய்க்காரர்கள் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார்கள். நிலம் கைமாறுவதைக் கண்ட ஆங்கில அரசு, 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒதுக்கப்பட்ட நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்கு மாற்றுவது தடைபட்டது. 1933இல் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. அடமானம் பிடிக்க உதவிய அதே அரசாங்கம்தான், தன் அரசியல் வசதிக்காக அடமானத்துக்குக் கதவடைத்தது. இரண்டு நாட்டிலும் கடை வைத்திருந்தவர்களுக்கு இது தெரியாத செய்தியல்ல.

பர்மாவில் எச்சரிக்கைகள் இன்னும் உரக்கவே ஒலித்தன. 1930 மே மாதம் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம், அதே வருஷக் கடைசியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி, 1937இல் இந்தியாவிலிருந்து பர்மா பிரிப்பு, 1938இல் மறுபடி கலவரம், 1941இல் நில உரிமை மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம். 1942இல் ஜப்பானியர் வந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் ஓடினார்கள். 1948இல் விடுதலை பெற்ற பர்மா, அதே வருஷம் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது.

'அந்தக் காலத்து மனுஷங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?' என்று கேட்கலாம். சிலருக்குத் தெரிந்திருந்தது. மௌல்மீனில் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம், ஜப்பானியர் வருவதற்கு முன்பே, 1930களில் தன் முதலை இந்தியாவுக்குத் திருப்பித் தொழிற்சாலைகளில் போட்டது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கைத் தொடங்கி, பணத்தை வயலில் முடக்காத வேறொரு பாதையைத் தேடினார். அவர்கள் ஞானிகள் என்று சொல்ல வரவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்த அதே தகவல்கள்தான் அவர்களுக்கும் கிடைத்தன. அதிலிருந்து அவர்கள் வேறொரு முடிவுக்கு வந்தார்கள். நஷ்டத்தை நஷ்டம் என்று எழுத மனசு வரவேண்டும். நேற்றுவரை ஊரே மெச்சிய ஒருவருக்கு அது லேசான காரியம் இல்லை.

இந்த வரலாற்றை நாம் பொதுவாக இரண்டு விதமாகத்தான் பேசுகிறோம். ஒன்று, வட்டிக்காரர்களின் பேராசைக் கதை. இன்னொன்று, உழைத்துச் சேர்த்ததைப் பறிகொடுத்த சோகக் கதை. இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டுமே நம்மைத் தொடாமல் தள்ளி நிற்கின்றன. மூன்றாவது விதமாகப் படித்தால் கதை நம் தெருவுக்கு வந்துவிடும். கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ தேக்காவிலோ ஒரு கடைக்காரரின் கடன் நோட்டைத் திறந்தால், பத்துப் பதினைந்து பேரின் பாக்கி மூன்று வருஷமாக அப்படியே இருக்கும். கடையின் மதிப்பு என்ன என்று கேட்டால், சரக்கோடும் கல்லாவோடும் அந்தப் பாக்கியையும் சேர்த்துத்தான் ஒரு தொகை சொல்வார். "எங்க போயிடப் போறாங்க, தருவாங்க" என்பார். அவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. கூட்டலும் சரியாகத்தான் இருக்கும்.