அம்பிஷன்: ரோமிலிருந்து தாயில்பட்டி வரை

"உன் அம்பிஷன் என்ன?" பள்ளிக்கூடத்தில் கால் வைத்த நாளிலிருந்து எல்லோரையும் துரத்தும் கேள்வி இது. டாக்டர், கலெக்டர் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் அந்தச் சொல் பிறந்த ஊரில் அதற்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது!

லத்தீனில் 'அம்பி' என்றால் சுற்றி. 'ஈரே' என்றால் போவது. பழைய ரோமில் தேர்தலில் நின்றவர்கள் தெருத்தெருவாகச் சுற்றி ஓட்டுக் கேட்டார்கள். அந்தச் சுற்றலின் பெயர்தான் 'அம்பிஷியோ'. அப்போது அவர்கள் போட்ட வெளுத்த அங்கியிலிருந்து வந்ததுதான் 'கேண்டிடேட்'. காசு கொடுத்து ஓட்டு வாங்கினால் அது 'அம்பிடஸ்' என்ற குற்றம். கி.மு. 63இல் சிசரோ கொண்டுவந்த சட்டப்படி அதற்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல். (இன்றைக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால் எத்தனை பேர் ஊரில் இருப்பார்களோ!) ஆங்கிலத்துக்குப் போனபோதும் முதலில் பதவி வெறி என்ற பொருளில்தான் போனது.

தமிழில் இந்தக் குழப்பம் குறைவு. 'லட்சியம்' வடமொழியில் அம்பு எய்யும் இலக்கு. 'குறிக்கோள்' என்பதிலும் குறி இருக்கிறது. கெட்ட பக்கத்துக்குப் 'பேராசை' என்று தனிச்சொல். வள்ளுவரும் பிரித்தே வைத்தார்: பிறர் பொருளை விரும்பாத 'வெஃகாமை' 18ஆவது அதிகாரம், 'ஊக்கமுடைமை' 60ஆவது.

சொல்லில் பிரித்துவிடலாம். வாழ்க்கையில்? அதற்கு விருதுநகர் மாவட்டம், தாயில்பட்டி பக்கம் வரவேண்டும்.

வானம் பார்த்த பூமி அது. 1922இல் பக்கத்துச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனார்கள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பி, அடுத்த ஆண்டே தொழில் தொடங்கினார்கள். ஜெர்மன் எந்திரம் கட்டுப்படியாகாமல் கைவேலைக்கு மாறினார்கள். பெரிய மூலதனம் இல்லாதவர்களும் இறங்க வழி பிறந்தது அதனால்தான். பிறகு மத்தாப்பு, பட்டாசு, அச்சுத்தொழில் எல்லாம் வளர்ந்தன. குறிக்கோள் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

இன்று தாயில்பட்டி வட்டாரத்துக்குச் சோறு போடுவது பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று விதி உண்டு. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது சில இடங்களில் அந்தக் கணக்கு மீறப்படுகிறது. மீறுவது முதலாளியின் அம்பிஷன். உள்ளே உட்கார்ந்திருப்பது கூலிக்கு வந்தவர்கள்.

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், அதிக மருந்து. முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள்.