கெம்பஸின் கடைசி வருசம்: பெற்றோருக்கு ஒரு சின்ன வரலாறு



"சோதனை எழுதினா முடிஞ்சுதானே, இன்னும் என்ன ப்ராஜெக்ட்?" என்று பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் வாப்பாமார் கேட்கிறார்கள்.

ஒரு காலத்தில் மருதானை தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்களின் பட்டத்தைத் தீர்மானித்தது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சை. 1950இல் கொழும்பில் நமக்கென்று பொறியியல் பீடம் வந்தது. பிறகு பேராதனைக்குப் போனது. இன்று ஒலுவிலிலும் பீடம் உண்டு.

2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. அதன் அங்கீகாரம் பெற்ற பட்டங்களை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும். அதற்கு மனப்பாடம் போதாது. விடை தெரியாத பிரச்சினையைக் குழுவாகத் தீர்த்து, விளக்கியும் காட்ட வேண்டும். அந்த இடம்தான் இறுதியாண்டு ப்ராஜெக்ட்.

கலியாணப் பேச்சையும் "எப்ப வேலை?"யையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "ப்ராஜெக்ட் எந்தளவுல இருக்கு மகள்?" என்று கேளுங்கள்.