புல்மோட்டையின் கறுப்பு மண்: கனிமமும் ஊர் வரலாறும்

இலங்கையின் கனிப்பொருள் வளம் என்ற பாடத்தில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வரிசை ஒன்று உண்டு. இரத்தினபுரி என்றால் மாணிக்கம், கஹட்டகஹ என்றால் காரீயம், எப்பாவல என்றால் அப்பதைற், புல்மோட்டை என்றால் இல்மனைற். பரீட்சையில் புள்ளி எடுக்க இந்த ஒரு வரி போதும். ஆனால் நான் பிறந்து வளர்ந்து, இன்று தமிழ் படிப்பிக்கிற ஊரின் வரலாறும் அந்த ஒரு வரியோடு முடிந்துபோவதுதான் என் கவலை. மண்ணைப் பற்றிய ஆய்வறிக்கைகள் நிறைய உண்டு. அந்த மண்ணோடு வாழ்ந்த முஸ்லிம் சமூகத்தைப் பற்றி அவற்றில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை.

முதலில் பெயரைப் பார்ப்போம். திருகோணமலை நகரிலிருந்து வடக்கே கரையோரமாகச் சுமார் 55 கிலோமீற்றரில் இருக்கிறது புல்மோட்டை. வன்னிப் பக்கத்தில் மோட்டை என்றால் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் சிறு பள்ளம். கால்நடைக்குப் புல்லும் தண்ணீரும் கிடைத்த இடம் என்று பெயரே சொல்கிறது. தெற்கே அரிசிமலை. அரிசிமணி போன்ற மணல் கிடக்கும் கரை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ஊருக்குப் பெயர் வைத்தவர்களின் கண்ணில் புல்லும் தண்ணீரும் அரிசி போன்ற மணலும் பட்டிருக்கின்றன. கறுப்பு மண்ணின் விலை பின்னால் வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

இந்த மண் எங்கிருந்து வந்தது? இலங்கையும் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கிடந்த காலத்தில், ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள்தான் நம் நாட்டின் உட்பகுதியில் இருக்கின்றன. மழையும் வெயிலும் அவற்றை அரித்தன. யான் ஓயா போன்ற ஆறுகள் அந்தத் துகள்களைக் கடலுக்குக் கொண்டுவந்தன. மாரி காலத்தில் வாடைக்காற்றோடு எழும் அலை, கலந்த மணலைக் கரையில் ஏற்றும். திரும்பும் அலையோ இலேசான வெள்ளை மணலை மட்டும் இழுத்துப் போகும். பாரமான கறுப்புத் துகள் கரையிலேயே தங்கிவிடும். அரிசியைச் சுளகில் கொழித்துக் கல் பிரிக்கிற வேலையைத்தான் கடல் வருஷாவருஷம் செய்கிறது. அரிசிமலையிலிருந்து கொக்கிளாய் வாய் வரை ஏழெட்டுக் கிலோமீற்றர் நீளத்துக்கு இப்படித்தான் படிவு உண்டாயிற்று. உலகில் பல நாடுகள் நூற்றுக்கு ஐந்து பத்து வீதம் பாரக் கனிமம் இருந்தாலே தோண்டத் தொடங்கிவிடும். இங்கே பாதிக்கு மேல் பாரக் கனிமமாக இருந்தது.

அதில் பெரும்பங்கு இல்மனைற். அடுத்து றூட்டைலும் சேர்க்கனும். மிகச் சிறிதளவு மொனசைற். “இதென்ன, சும்மா கறுப்பு மண்தானே சேர்?” என்று கேட்கும் பிள்ளையிடம் வகுப்பறைச் சுவரைக் காட்டுவேன். சுவரில் பூசிய வெள்ளை, பற்பசையின் வெள்ளை, நல்ல கடதாசியின் வெள்ளை எல்லாவற்றுக்கும் அடிப்படை தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அது இந்தக் கறுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. றூட்டைல் வெல்டிங் கம்பியின் மேற்பூச்சுக்குப் போகும். சேர்க்கன் தரையோட்டுக்கும் பீங்கானுக்கும் போகும். மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. ஒரு காலத்தில் கலியாண வீட்டிலும் கந்தூரியிலும் எரிந்த பெற்றோமக்ஸ் லாம்பின் மென்டல் அவ்வளவு வெளிச்சம் தந்தது தோரியத்தால்தான்.

ஐரோப்பியர் இந்தியக் கரை மணலைத் தேடி வந்ததற்கும் அந்த மென்டலே காரணம். 1909இல் ஷோம்பேர்க் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மொனசைற்றைக் கண்டார். மணவாளக்குறிச்சியில் தொழில் தொடங்கியது அப்படித்தான். இலங்கையிலும் 1903இல் கனிமவள அளவை தொடங்கி, ஆனந்த குமாரசுவாமி அதன் முதல் பணிப்பாளரானார். நம் பழைய முஸ்லிம் பட்டினமான பேருவளையின் கரையிலும் மொனசைற் உண்டு.

புல்மோட்டை மண் தொழிலானது சுதந்திரத்துக்குப் பிறகு. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1961இல் உற்பத்தி தொடங்கியது. கடல் செய்து பாதியில் விட்ட கொழிப்பை ஆலை தொடர்ந்தது. மண்ணை நீரில் கழுவி, காயவைத்து, காந்தத்தால் இல்மனைற்றை இழுத்தெடுப்பார்கள். காந்தம் பிடிக்காத மிச்சத்தில் றூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சேர்க்கன் கடத்தாது. அந்த வேறுபாட்டை வைத்து இரண்டையும் பிரிப்பார்கள். இந்த இரண்டாம் வேலைக்கான ஆலை முதலில் சீனன்குடாவில் இருந்தது. பின்பு அதுவும் புல்மோட்டைக்கே வந்தது. மீனையும் வயலையும் காட்டையும் நம்பியிருந்த ஊருக்கு மாதச் சம்பளம், வேலைமுறை, சங்கு, மேலதிக நேரம் என்ற புதுச் சொற்கள் அதோடு வந்தன. தமிழும் சிங்களமும் பேசிய வெளியூர்த் தொழிலாளரோடு நம்மவர்கள் ஒரே முறையில் நின்று வேலை செய்தார்கள்.

ஆனால் மண் பிரிக்கப்பட்டதே தவிர வெள்ளைப் பொடியாக மாறவில்லை. திருவிதாங்கூரில் 1946லேயே தைத்தேனியம் ஈரொட்சைட்டு செய்யும் கம்பனியை அமைத்துவிட்டார்கள். நாமோ கப்பலில் ஏற்றி அனுப்பினோம். கறுப்பு மலிந்த விலைக்குப் போய், வெள்ளை பலமடங்கு விலைக்கு வருகிறது. இந்தக் கணக்கைப் பேசாமல் புல்மோட்டையின் பொருளாதார வரலாற்றை எழுத முடியாது.

அடுத்தது யுத்தம். 1996 ஓகஸ்டில், மண் ஏற்ற வந்த ‘பிரின்சஸ் வேவ்’ கப்பல் புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்டது. 1997 செப்ரெம்பரில் விடுதலைப் புலிகள் ‘கோர்டியாலிற்றி’ கப்பலைத் தாக்கியபோது சீன மாலுமிகளும் உயிரிழந்தார்கள். கப்பல் வராவிட்டால் மண் குவிந்து கிடக்கும். மண் குவிந்தால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் ஊரின் அடுப்பும் அதைப் பார்த்துத்தான் எரியும். பத்திரிகைகள் கப்பலின் பெயரை எழுதின. அந்த மாதங்களை ஊர் எப்படிக் கடந்தது என்பது எழுதப்படவில்லை.

இன்று கடற்படுக்கை, கரை அரிப்பு, காணி, தொழில் என்று எந்தப் பேச்சு வந்தாலும் இந்த மண்தான் நடுவில் நிற்கிறது. மாரிக் கடல் மண்ணைக் கொஞ்சம் திருப்பித் தரும். அள்ளும் வேகம் அதைவிடக் கூடினால் படிவு மெலியும். அப்போது கரையில் முன்னர் எவ்வளவு மண் இருந்தது, வாடி எங்கே நின்றது, கரைவலை எங்கே இழுத்தார்கள் என்று சொல்ல ஊருக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாத சமூகத்தின் பேச்சு விசாரணைகளில் எடுபடாது.

1960களில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு இப்போது எண்பது வயது. பலர் மௌத்தாகிவிட்டார்கள். மிஞ்சியவர்களின் நினைவையும், ஆலையில் புழங்கிய தொழிற்சொற்களையும் என் உயர்தர மாணவர்களைக் கொண்டு பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறேன். வாப்பாவின் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பழைய படம், காணி உறுதி எதுவாக இருந்தாலும் பெட்டியில் கறையான் தின்ன விடாமல் எடுத்துப் பிரதி செய்து வையுங்கள். புல்மோட்டையின் உண்மையான வரலாறு எழுதப்படும்போது முதல் சான்றுகள் அவைதான்.