பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது? – ஒரு வரலாறு

சாயர்புரம் என்றவுடன் ஜி.யு.போப் அவர்களின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். 1840களில் இங்கே வந்து சமயப்பணியும் கல்விப்பணியும் செய்தவர். பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர். இன்றும் ஊரில் ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்படி ஊருக்கு ஊர் ஒரு பெரிய பெயர் உண்டு. ஆனால் எந்தக் கல்வெட்டிலும் இடம் பெறாத ஒரு கூட்டமும் உண்டு. படுத்த படுக்கையான தாய்க்குச் சோறூட்டும் மகள், மனநோயில் தவிக்கும் மகனுக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் தாய், நினைவு தப்பிய கணவரின் கையைப் பிடித்தே நடக்கும் மனைவி... நோயாளிக்கு வரலாறு உண்டு, மருத்துவருக்கு வரலாறு உண்டு. இவர்களுக்கு? இவர்களுக்கும் உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மதிலுக்குள் நோயாளி, வெளியே குடும்பம்

சென்னையில் மனநோயாளிகளுக்கென ஓர் இல்லம் 1794-ல் வாலன்டைன் கனோலி என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் மனநல மருத்துவமனை உருவானது. அந்தக் காலத்து எண்ணம் மிக எளிமையானது. நோயாளியை மதிலுக்குள் வைத்துக் காக்க வேண்டும், அவ்வளவுதான். 1912-ம் ஆண்டுச் சட்டமும் யாரை உள்ளே அனுப்பலாம், எப்படி அனுப்பலாம் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. நோயாளியின் குடும்பம் வாசல் வரை வந்து திரும்பிப் போகும் கூட்டமாகவே இருந்தது.

அமிர்தசரஸ் கூடாரங்கள்

இதை மாற்றியவர் வித்யாசாகர் என்ற மருத்துவர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். மருத்துவமனையில் கூட்டம் நிரம்பி வழிந்தது, பார்த்துக்கொள்ள ஆட்கள் போதவில்லை. அவர் நோயாளிகளின் உறவினர்களை உள்ளே அழைத்தார். வளாகத்தில் கூடாரங்கள் அடித்து அவர்களைத் தங்க வைத்தார்!

விளைவு என்ன? நோயாளிக்குத் தெரிந்த முகம் பக்கத்திலேயே இருந்தது. மருந்து எப்படிக் கொடுப்பது, கோபம் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்பதை உறவினர்கள் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இன்னொன்றும் நடந்தது. பக்கத்துக் கூடாரத்திலும் இதே துன்பம்தான் என்று தெரிந்தது. "நமக்கு மட்டும்தான் இந்தத் தலையெழுத்து" என்ற எண்ணம் உடைந்தது.

நம் தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் இதே வழியில் சென்றது. அங்கே நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு பெற்றார்கள். மேலை நாடுகளில் அப்போது இப்படி ஒரு வழக்கம் இருந்தது மிக அபூர்வம். உலகுக்கு நாம் கொடுத்த பாடங்களில் இதுவும் ஒன்று.

சுமையை அளந்தவர்கள்

1950களில் மனநோய்க்கு நல்ல மருந்துகள் வந்தன. பல நோயாளிகள் வீட்டிலேயே வாழ முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் மருத்துவமனை இறக்கி வைத்த சுமை எங்கே போனது? வீட்டுக்குத்தான் போனது. வீட்டிலும் பெரும்பாலும் பெண்களின் தோளுக்குப் போனது.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பார்கள். பார்த்துக்கொள்பவரின் வலி வெளியே இருப்பவருக்குத் தெரிவதே இல்லை. 1981-ல் பெங்களூரைச் சேர்ந்த ஷைலா பை, ஆர்.எல்.கபூர் ஆகிய இருவரும் அந்த வலியை அளக்க ஒரு கேள்விப் பட்டியலை உருவாக்கினார்கள். பணச் சுமை, அன்றாட வேலைகள் குலைவது, ஓய்வு பறிபோவது, வீட்டுக்குள் உறவு கெடுவது, மற்றவர்களின் உடல்நலம், மற்றவர்களின் மனநலம் என்று ஆறு வகையாகப் பிரித்தார்கள். கடைசி இரண்டையும் கவனியுங்கள். பார்த்துக்கொள்பவரும் நோயாளி ஆகலாம் என்று அறிவியல் ஒப்புக்கொண்ட இடம் அது.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தார். ஓய்வுக்குப் பின் 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற அமைப்பைச் சென்னையில் தொடங்கினார். அதே சென்னையில், நோயாளிகளின் குடும்பத்தினர் தாங்களே ஒன்று சேர்ந்து 'ஆஷா' என்ற அமைப்பை நடத்தத் தொடங்கினார்கள். கூடாரத்தில் தானாக நடந்தது இங்கே திட்டமிட்டு நடந்தது.

ஏர்வாடி சொன்ன பாடம்

சாயர்புரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் ஏர்வாடி. அங்குள்ள தர்காவுக்கு மதம் பாராமல் மக்கள் மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படிப்பட்ட ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்து போனார்கள்.

நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. "பெற்ற பிள்ளையை இப்படி விட்டுவிட்டுப் போவார்களா?" என்று பலரும் கேட்டார்கள். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அன்று தமிழ்நாட்டில் தனி அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கம் ஒன்றுதான். தென்கோடியில் கூலி வேலை செய்யும் ஒரு தாய், வேலைக்கும் போய், மகனையும் காத்து, ஊரார் பேச்சையும் தாங்கி எத்தனை வருடம் நிற்பாள்? விட்டுவிட்டுப் போனவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. களைத்துப் போனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். சங்கிலி கட்டியவரின் தவறு சிறிதும் குறையாது. ஆனால் களைத்துப் போன குடும்பத்துக்குக் கை கொடுக்க யாரும் இல்லாத இடத்தில்தான் சங்கிலி நுழைகிறது.

இன்று என்ன இருக்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், நோயாளியின் குடும்பத்துக்கு உதவும் சேவைகளையும் அரசின் கடமையாகச் சொல்கிறது. கொரோனா காலம், வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் பார்த்துக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை எல்லோருக்கும் காட்டியது. 2022 அக்டோபரில் டெலி-மானஸ் என்ற இலவசத் தொலைபேசி ஆலோசனை தொடங்கப்பட்டது. எண் 14416. தமிழிலும் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, பார்த்துக்கொள்பவரும் தன் மனச்சுமையைச் சொல்லலாம்.

இந்த வரலாறு சொல்லும் பாடங்கள் கடினமானவை அல்ல. ஒருவரே எல்லாவற்றையும் சுமக்காமல் வீட்டில் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தை விடக்கூடாது. நோயைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு பேச வேண்டும். சில நேரம் கோபமும் சலிப்பும் வருவது பாவம் அல்ல, அது களைப்பின் அடையாளம் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். அடுத்த முறை உடம்பு சரியில்லாதவர் இருக்கும் வீட்டுக்குப் போகும்போது "அவருக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரையும் பார்த்து "நீங்க சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?" என்று கேளுங்கள் நண்பர்களே. முடிந்தால், "ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கிடுதேன், நீங்க போய்ப் படுங்க" என்றும் சொல்லுங்கள்.