குரலை மாற்றினால் கதையே வேறு

பிரெஞ்சு வழியில் படித்ததால் அந்நாட்டுக் கேலிப் படங்கள் மீது எனக்கு ஒரு பிரியம் உண்டு. அவற்றில் ஒரு வகை, பழைய படங்களை வெட்டி ஒட்டி, வசனத்தை மட்டும் மாற்றிச் சிரிக்க வைப்பது.

1992இல் மிஷேல் அசனவிசியுஸ், தொமினிக் மெஸெரெத் என்ற இருவர் கனால் ப்ளுஸ் தொலைக்காட்சிக்காக 'டெரிக் எதிர் சூப்பர்மேன்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒன்று செய்தார்கள். டெரிக், ஜெர்மன் தொடரில் வரும் நிதானமான போலீஸ் அதிகாரி. சூப்பர்மேனோ கிரிப்டன் கிரகத்திலிருந்து வந்து வானில் பறப்பவர். தலைப்பைக் கேட்டதுமே சிரிப்பு வந்துவிடும்.

இப்படி வசனம் யோசிப்பது லேசல்ல. உதடு அசையும் நேரத்துக்குள் பேச்சு முடிய வேண்டும். நடிகரின் முகத்தையும் மாற்ற முடியாது.

1993 டிசம்பர் 31 அன்று இதே இருவரின் 'லா கிளாஸ் அமெரிக்கேன்' ஒளிபரப்பானது. வார்னர் பிரதர்ஸ் படக் காட்சிகளில் ஜான் வெய்ன், பால் நியூமன் போன்றோரைப் பிரெஞ்சில் உளற வைத்தார்கள். அந்த நடிகர்களுக்கு வழக்கமாகக் குரல் கொடுத்த கலைஞர்களையே அழைத்ததுதான் சாமர்த்தியம். கையெழுத்தும் முத்திரையும் அசல், குறிப்பு மட்டும் கோணல் என்று ஒரு கோப்பு வந்தால் எப்படி இருக்கும்? குமாஸ்தாவாக இருந்த எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அசனவிசியுஸ் பின்னாளில் 'தி ஆர்ட்டிஸ்ட்' படத்துக்காக 2012இல் ஆஸ்கர் வாங்கினார். அது பேசாப் படம்!

ஆஸ்கர் படம் எந்தக் கடையிலும் கிடைக்கும். உரிமைச் சிக்கலால் கடைக்கு வராத அந்தக் கேலிப் படத்தை, பிரதி எடுத்துக் கைமாற்றிக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள்தான்.